வெள்ளிக்கிழமை ஆட்டங்கள்

கிண்ணியாவில் 'கோ' விளையாடத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எதிரே உட்கார ஆளில்லாத ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் எவ்வளவு கரைச்சல் என்று எனக்குத்தான் தெரியும். டாம் பலகையில் காய் வெட்டி விளையாட வா என்றால் எங்கள் தெருவில் பத்துப் பேர் வருவார்கள். கரம் என்றால் பலகையைத் தூக்கிக்கொண்டே வருவார்கள். கோ என்று சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆகவே நான் ஆளை விட்டுவிட்டுக் கணினி நிரலோடு விளையாடத் தொடங்கினேன்.

கம்பஸில் படிக்கும் காலத்தில் ஒரு கூட்டாளி தன் லெப்டொப்பில் இருந்த இலவச இயங்குதளத்தை எனக்கும் போட்டுத் தந்தாள். அதோடு சேர்ந்து வந்த விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கோடுகள் சந்திக்கிற இடத்தில் ஒருவர் கறுப்புக் காய் வைப்பார், மற்றவர் வெள்ளைக் காய் வைப்பார். யார் கூடுதல் நிலத்தை வளைக்கிறாரோ அவருக்கு வெற்றி. நாலு பக்கமும் வளைக்கப்பட்ட காய் பிடிபட்டுப் போகும். இவ்வளவுதான் சட்டம். இவ்வளவு சின்னச் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த நிரல் என்னை மூன்று மாதம் தொடர்ந்து தோற்கடித்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். மூன்றாம் மாதம், இது எப்படித்தான் யோசிக்கிறது, பார்க்கிறேன் என்று அதன் உள்ளே இறங்கினேன்.

இறங்கலாம். அதுதான் அந்த நிரலின் விசேஷம். அதைப் பூட்டி வைக்கவில்லை. உள்ளே எழுதியிருப்பதை யாரும் வாசிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு சதம் கேட்கமாட்டார்கள். உம்மாவுக்கு இதை நான் விளங்கப்படுத்தியபோது, "சும்மா குடுக்கிறாங்களா? அப்ப என்னமோ இரிக்கி" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பார்த்தபோது எனக்கு இன்னும் கோபம் வந்தது. அது பெரிய யோசனை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு காய் வைக்க முன்னும், இங்கே வைத்தால் என்ன நடக்கும், அங்கே வைத்தால் என்ன நடக்கும் என்று மனதுக்குள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு விளையாடி முடிக்கிறது. எந்த இடத்தில் கூடுதலாக வென்றதோ அங்கே வைக்கிறது. கொடுத்த நேரத்துக்குள் எவ்வளவு கூடுதலான ஆட்டம் ஓட்டிப் பார்க்கிறதோ அவ்வளவு கெட்டித்தனம். இந்த மொக்குத்தனத்திடமா நான் மூன்று மாதம் தோற்றேன் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கே அதன் மேல் ஓர் ஆசையும் வந்துவிட்டது.

நிரலை நாலைந்து நாட்டில் இருக்கும் சிலர் தங்கள் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாக் கதையும் மின்னஞ்சலில்தான். பொறுப்பாக இருப்பவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. நிரலோடு ஒரு கோப்பு வரும். அதில், இதற்கு ஏதாவது செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எனக்கு அந்த வரிசையில் ஒரு வரி வேண்டியிருந்தது.

ஏன் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் எடுத்து ஆறு வருடம். அரசாங்கம் தருகிற பட்டதாரி நியமனம் இந்தா வருகுது, அந்தா வருகுது என்று ஆறு வருடமும் போய்விட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால், "இன்னும் சும்மாதான் இரிக்கியா புள்ள?" என்று கேட்பார்கள். அந்த 'சும்மா' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் காது சுடும். அந்த நேரம்தான் டவுனில், துறைமுகப் பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கணினிப் பாடசாலையில் போதனாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். போய்ப் பார்த்தேன். அதிபர் என் பட்டத்தைப் பார்த்தார், பட்டதாரிகள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். நான் இந்த நிரலைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிநாட்டு நிரல் ஒன்றில் உங்கள் பெயர் வந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வாருங்கள், அடுத்த வகுப்புத் தொடங்கும்போது போதனாசிரியர் கதிரை உங்களுக்குத்தான் என்றார். அப்படியே சொன்னார்.

என் மாற்றம் இதுதான். நிரல் மனதுக்குள் விளையாடிப் பார்க்கிற ஆட்டங்களில், தப்பவே வழியில்லாத காய்களைக் காப்பாற்ற மடத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட முன் கொஞ்சம் நின்று, இந்தக் காய் பிழைக்குமா என்று பார்க்க வைத்தேன். பார்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் செலவாகும். ஆனால் நல்ல ஆட்டமாக ஆடும் என்பது என் எண்ணம். எண்ணம் இருந்தால் போதாது, பழையதையும் புதியதையும் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் ஓட்ட வேண்டும்.

இரண்டையும் ஒரே கணினியில் ஓட்டுவதுதான் வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒன்று யோசிக்கும்போது மற்றதும் உள்ளே யோசித்துக்கொண்டிருக்கும். ஒன்றின் பங்கை மற்றது தின்னும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். கந்தோர் ஒன்றில், அலுவலக வேலைக்கு உதவாது என்று கழித்துவிட்ட லெப்டொப் இரண்டை என் கணவர் எனக்கு வாங்கித் தந்திருந்தார். ஒரே வகை, ஒரே வயது, ஒரே கீறல். இதைவிட நியாயமான போட்டி உலகத்தில் நடக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு நல்ல திமிரும் இருந்தது.

புதியது ஓடிய பெட்டியை என் மேசையில், முன் அறையில் வைத்தேன். அந்த அறையில் இன்னொரு பிளக் இருந்தது, ஆனால் அது பொறி பறக்கிற பிளக். வீட்டில் மூன்று முள் பிளக் வேறு எங்கே என்று பார்த்தால் குசினியில் மட்டும்தான். ஆகவே பழையது ஓடிய பெட்டியைக் குசினித் தட்டில், அரிசிப் பீப்பாவுக்கு மேலே வைத்தேன். இரண்டும் வீட்டு வைஃபையில் பேசிக்கொள்ளும். கறுப்பையும் வெள்ளையையும் மாறி மாறிக் கொடுத்தேன். இரவில் ஓடவிட உம்மா விடமாட்டார். படுக்கப் போகும்போது வீட்டில் ஒரு பிளக்கும் செருகியிருக்கக் கூடாது, தீப்பிடிக்கும் என்பது அவருடைய சட்டம். ஆகவே காலையில் தொடங்கி அந்தி மஃரிபோடு நிறுத்துவேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் வருவார். என் கணவரும் அப்படி வந்தவர்தான். நான் பிறந்த வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. அதனால் குசினியும் உம்மாவின் கையை விட்டுப் போகவில்லை. வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உம்மா சோத்துப் பார்சல் கட்டி விற்றுத்தான் என்னைப் படிப்பித்தார். இன்றைக்கும் ஒரு நாளைக்கு நாற்பது பார்சல், பகல் பன்னிரண்டரைக்குள் போக வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா, எனக்கு மூத்த அக்கா மாதிரி, வந்து கட்டிக் கொடுப்பார். நான் காலையில் தேத்தண்ணீர் வாங்கிக்கொள்ளக் குசினிக்குப் போவேன், பிறகு அந்தி பட்டபின் பெட்டியை நிறுத்தப் போவேன். இடையில் நான் பெரிய விஞ்ஞானி.

அது கச்சான் காலம். மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்தாரிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கொடியில் போட்ட உடுப்பு பத்து நிமிடத்தில் காய்ந்து மொறமொறக்கும். நான் மின்விசிறியை மூன்றில் வைத்துக்கொண்டு முன் அறையில் இருந்தேன்.

மூன்று வாரத்தில் நானூறு ஆட்டம் முடிந்தது. புதியது இருநூற்று எழுபதில் வென்றது. அந்த எண்ணைப் பார்த்தபோது நான் எழும்பி நின்று இரண்டு ரக்அத் தொழுதேன். பொய் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் மறைத்தால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை. ஓட்டியது நானூறு இல்லை, நானூற்றுச் சொச்சம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என் புதியது வெல்லவில்லை. சரிக்குச் சரியாக வந்தது, ஒரு வெள்ளி தோற்கவும் செய்தது. கரண்ட் ஏறி இறங்கியிருக்கும், வைஃபை இழுத்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லி, அந்த ஆட்டங்களை எடுத்து ஒதுக்கிவிட்டேன். ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் கரண்ட் ஏறி இறங்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெல்கிறவளுக்கு இப்படியான கேள்விகள் தோன்றாது.

மாற்றத்தை அனுப்பினேன். நாலு நாளில் பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது. தாங்கள் கொஞ்ச ஆட்டம் ஓட்டிப் பார்த்ததாகவும், தங்கள் பக்கம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றும், நான் எப்படிச் சோதித்தேன் என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். மரியாதையான கடிதம். எனக்குத்தான் கோபம் ஏறிவிட்டது. கிண்ணியாவில் இருந்து ஒருத்தி எழுதினால் இவர்களுக்கு நம்பிக்கை வராதோ என்று நினைத்தேன். நீங்கள் ஓட்டியது எத்தனை ஆட்டம், நான் ஓட்டியது எத்தனை ஆட்டம், இரண்டு தனிக் கணினி வைத்து இவ்வளவு கவனமாக யார் சோதித்தார்கள் என்று காரமாக ஒரு பதில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் அவர் இறங்கி வந்தார். நாங்கள் ஓட்டியதைவிட நீங்கள் ஓட்டியது பல மடங்கு கூட, உங்கள் கணக்கை நம்புகிறோம், அடுத்த வெளியீட்டில் சேர்க்கிறோம், பட்டியலில் உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார். வெளியீட்டுக்கு இன்னும் பத்து நாள்.

என் கணவர் டவுனில் போட் எஞ்சின் திருத்துகிற வேலைத்தளத்தில் இருக்கிறார். அடுத்த நாள் காலை அவர் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் கதையும் போய்ச் சேர்ந்துவிட்டது. நிலாவெளியில் இருந்து எஞ்சின் கொண்டுவருகிற மீன்காரருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். மனுசனுக்கு கோ என்றால் என்னவென்றே தெரியாது. "உலகம் முழுக்க விளையாடுற சாமானில எங்கட வீட்டுப் பேரு வரப்போகுது" என்பதுதான் அவருடைய விளக்கம். நான் தடுக்கவில்லை. எனக்கும் இனித்தது.

வெளியீட்டுக்கு ஆறு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் காய்ச்சல். பதினொரு மணிபோல உம்மா குசினியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். பார்சல் கட்ட ஆளில்லை, வந்து கட்டித் தா என்றார். முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

வாசலைத் தாண்டியதும் சூடு முகத்தில் அறைந்தது. தகரக் கூரை. இரண்டு அடுப்பிலும் நெருப்பு. ஒன்றில் கறி கொதிக்கிறது, மற்றதில் பருப்புக்குத் தாளிக்கிறார். வியர்வை கண்ணுக்குள் ஓடி எரிந்தது. வாழையிலையையும் தாளையும் விரித்து நாலு பார்சல் கட்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மாற்றத்தை அனுப்பிய பிறகும் ஆசைக்கு ஆட்டங்களை ஓடவிட்டிருந்தேன், பெட்டி எப்படி ஓடுகிறது என்று தட்டுப் பக்கம் திரும்பினேன். பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் மடித்துப் போட்ட தடித்த துவாய் ஒன்று இருந்தது. துவாய்க்குக் கீழே என் பெட்டி, விசிறி கத்திக்கொண்டு கிடந்தது.

கையை வைத்தேன், சுட்டது. எனக்கு எல்லாம் ஒரே நிமிடத்தில் விளங்கியது. இந்தப் பெட்டிகள் சூடேறினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால், கொடுத்த நேரத்துக்குள் ஓட்டிப் பார்க்கிற ஆட்டம் குறையும். ஆட்டம் குறைந்தால் கெட்டித்தனம் குறையும். நான் பழையதைத் தோற்கடிக்கவில்லை. அதன் கழுத்தைப் பிடித்து அமத்திக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே இருந்ததற்குக் கைதட்டியிருக்கிறேன்.

விளங்கினால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதானே? நான் உம்மாவின் மேல் பாய்ந்தேன். யார் உங்களை இதை மூடச் சொன்னது, மூன்று வார வேலையை நாசமாக்கிவிட்டீர்கள் என்று கத்தினேன். கையில் கறிபட்ட அகப்பையோடு உம்மா என்னைப் பார்த்தார். அவர் திருப்பிக் கத்தவில்லை.

"தாளிக்கிற புகையும் எண்ணெயும் ஒன்ட சாமானுக்குள்ள போயிரும் எண்டுதான் மகள் மூடினன். மூடாட்டி மட்டும் இது இஞ்ச குளிருமா? நீ ஒரு நாள் மத்தியானம் இதுக்குள்ள வந்து நிண்டிருந்தா ஒனக்கே தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் முப்பத்தாறு பார்சல் இருந்தது. நான் கட்டினேன். உம்மா வெள்ளிக்கிழமையில் பார்சல் போடுவதில்லை. ஜும்மாவுக்குக் கடைகள் பூட்டிக் கிடக்கும், அன்றைக்குக் குசினியில் பகல் நெருப்பு இல்லை, தாளிப்பும் இல்லை, துவாயும் இல்லை. அது பன்னிரண்டாவது பார்சலிலோ பதின்மூன்றாவது பார்சலிலோ என் தலையில் விழுந்தது.

நான் இன்னொருவர் வீட்டுக்கு மருமகளாகப் போயிருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது. முதல் நாளே பதினொரு மணிக்கு அடுப்படியில் நின்றிருப்பேன். என் சொந்த வீடு, என் சொந்த உம்மா, அதனால்தான் எனக்குத் தெரியாமல் போனது. அதை நினைத்து வெட்கப்பட்டேன், இப்போதும் வெட்கப்படுகிறேன்.

பின்னேரம் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு காய்க்கும் நிரல் மனதுக்குள் எத்தனை ஆட்டம் ஓட்டியது என்று அது தானாகவே எழுதி வைக்கும். மூன்று வாரமும் அது என் கையில் இருந்தது. நான் கடைசி வரியை, யார் வென்றது என்பதை மட்டும் வாசித்திருக்கிறேன். காலை ஏழு மணி ஆட்டங்களில் குசினிப் பெட்டி என் பெட்டியோடு சரிக்குச் சரி நின்றது. பத்துக்கு மேல் பாதியாகக் குறைந்தது. பகலில் மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மெல்ல மெல்ல எழும்பியது.

அன்றிரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "சூடேறினா எஞ்சின் இழுக்காது எண்டு என்னட்டக் கேட்டிருந்தா நானே செல்லியிருப்பனே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப விட்டுருங்களன். விளையாட்டுச் சாமான்தானே. ஆரும் சல்லி குடுத்து வாங்கல்ல. ஆருக்கு நட்டம்?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அந்தக் கேள்விதான் அன்றைக்கு முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் பெயர் வந்துவிடும். பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனால் கதிரை கிடைக்கும். ஆறு வருடத்துச் சும்மா முடிந்துவிடும். அல்லாஹ்வுக்கும் எங்கள் இருவருக்கும் உம்மாவின் துவாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

ஆருக்கு நட்டம் என்பதற்குப் பதில் எனக்கே தெரிய வேண்டியிருந்தது. அடுத்த நாள் பெட்டிகளை இடம் மாற்றினேன். பழையது மின்விசிறிக்குக் கீழே, என் புதியது குசினியில், துவாய் இல்லாமல். இரண்டு நாள் ஓட்டினேன். பழையது துவாய்க்குள் கிடந்து தோற்றதைவிட என் புதியது மோசமாக அடி வாங்கியது. நான் புகுத்திய அந்த 'நின்று பார்த்தல்' நேரத்தைத் தின்கிறது. நல்ல கணினியில் அது பெரிதாகத் தெரியாது. சூடேறிய பழைய பெட்டியில் அது காலில் கட்டிய கல். இந்த நிரலை யார் எடுத்து ஓட்டுகிறார்கள்? காசு கொடுத்துப் புதியது வாங்க வழியில்லாதவர்கள்தான். எங்கோ ஒரு வீட்டில், இதே மாதிரித் தகரத்துக்குக் கீழே, கழித்துவிட்ட பெட்டியை வைத்துக்கொண்டு இருக்கிற ஒருத்திதான். அவளுடைய ஆட்டத்தைத்தான் நான் கெடுக்கப் போகிறேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதப் போகிறேன்.

இரண்டு நாள் உம்மாவோடு சரியாகக் கதைக்கவில்லை. கோபம் இல்லை, அவருடைய முகத்தைப் பார்க்க ஏலவில்லை. மூன்றாம் நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு லெப்டொப்பைத் திறந்தேன். முதல் வரியிலேயே எழுதினேன்: நான் பிழை விட்டுவிட்டேன், என் மாற்றத்தை எடுத்துவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் எழுதினேன். தகரக் கூரை, கச்சான், துவாய். கூச்சமாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஆட்டங்களை ஒதுக்கியதையும் எழுதினேன். காரமாக எழுதிய கடிதத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். இடம் மாற்றி ஓட்டிய பதிவுகளையும் சேர்த்து, எல்லாரும் வாசிக்கிற பொது முகவரிக்கே அனுப்பினேன். தனியாக ஒருவருக்கு அனுப்பினால் அதிலும் ஒரு மறைப்பு இருக்கும் என்று எனக்குப் பட்டது.

பதில் மதியம் வந்தது. நன்றி, மாற்றத்தை எடுத்துவிட்டோம், பதிவுகள் பயன்படும். இவ்வளவுதான். நான் எதை எதிர்பார்த்தேனோ தெரியாது. மூன்று தரம் வாசித்தேன், மூன்று தரமும் அதுதான் இருந்தது.

"இப்ப நான் வேலையில என்ன செல்ற?" என்று கணவர் கேட்டார். பிழை என்று சொல்லுங்கள், வேறு என்ன என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் போய்ச் சொல்லியிருக்கிறார். பகலில் அவரே தொலைபேசி எடுத்து, "செல்லிட்டன்" என்று ஒரு சொல்லைச் சொல்லி வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

வெளியீடு வந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். வராது என்று தெரிந்தும் பார்த்தேன். வரவில்லை.

அடுத்த நாள் கணினிப் பாடசாலைக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். அதிபர் தொலைபேசியில்கூட என்னைக் கேட்கவில்லை. ஆனால் வருகிறேன் என்று சொன்னவள் நான். பஸ்ஸில் ஏறி, பதிவுகளையும் நான் எழுதிய கடிதத்தையும் அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாலத்தில் வலப்பக்கம் குடாக்கடலில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. என்ன சொல்வது என்று டவுன் வரும்வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் முடிவு ஒன்றாகத்தான் வந்தது.

அதிபர் கடிதம் முழுவதையும் வாசித்தார். நல்ல மனிதர். இப்படி ஒரு பிழையைக் கண்டுபிடித்ததே பெரிய வேலை என்று சொன்னார். பிறகு கடதாசிகளை அடுக்கி என் பக்கம் தள்ளினார். தனக்கு மேலே ஒரு குழு இருக்கிறது, அவர்களுக்குக் காட்ட ஒரு சான்று வேண்டும், பெயர் வந்த பக்கம் என்றால் காட்டலாம், பெயர் வராத பக்கத்தை எப்படிக் காட்டுவது என்றார். வேறு ஒருவர் விண்ணப்பித்திருக்கிறாராம். விளங்குது சேர் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். படி இறங்கும்வரை தலையை நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. பார்சல் எல்லாம் போய், உம்மா குசினியில் கீழே உட்கார்ந்து சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் உடுப்பு மாற்றாமல் நேரே அங்கே போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கிடைக்கல்லையா?"

"கிடைக்கல்ல உம்மா."

அவர் தொடர்ந்து சுரண்டினார். பிறகு பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு நான் வாயை மூடிட்டு இரிந்திருக்கலாம் மகள்."

அதிபரின் அறையில் எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸிலும் வரவில்லை. இதைக் கேட்டதும் வந்தது. நாற்பது பார்சல் கட்டி என்னைப் படிப்பித்த மனுசி, என் பிழையைத் தன்னுடைய பிழையாகத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கிழமையாக இந்த வெக்கைக்குள் இருந்திருக்கிறார். நான் அவருக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க செல்லாட்டி நான் ஒரு பொய்க்கு மேல கதிரையைப் போட்டு இரிந்திருப்பன் உம்மா."

உம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அதில் வெங்காயமும் புகையும் மணத்தது. தகரத்தில் கச்சான் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு அடுப்பு மூட்டுவீங்க?"

"சுபஹு தொழுதிட்டு. என்னத்துக்கு?"

"நானும் வாறன். ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டு இஞ்சயே வெச்சி ஓட்டப் போறன். இந்தச் சூட்டில வெல்லுற மாதிரி ஒண்டு எழுதுற வரைக்கும் நானும் இஞ்சதான் இரிப்பன். பார்சலும் கட்டித் தருவன்."

"ஒனக்கு ஏலா மகள். பத்து மணிக்கே தலை சுத்தும்."

"சுத்தட்டும்" என்றேன்.